ஆண்டுக்கு 2 டாலர் துண்டு

1904 அக்டோபர் 3 அன்று, ஃபுளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச்சில், மேரி மெக்லியோட் பெத்யூன் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். கையிருப்பு 1.50 டாலர். வீட்டு வாடகை மாதம் 11 டாலர். அதாவது, முதல் மாத வாடகையில் 13.6 சதவீதமே அவர் கையில் இருந்தது. மாணவிகள் 5 பேர். ஆளுக்கு வாரம் 50 சென்ட் கட்டணம். 52 வாரமும் ஐவரும் தவறாமல் செலுத்தினால் ஆண்டு வரவு 130 டாலர். ஆண்டு வாடகை 132 டாலர். சாப்பாடு, விறகு, காகிதம் எதையும் சேர்க்காமலே 2 டாலர் துண்டு விழுகிறது.

இப்படித் துண்டு விழும் வீட்டில்தான் அவர் பிறந்தார். 1875 ஜூலை 10 அன்று, தென் கரோலினாவின் மேஸ்வில் அருகே, 17 பிள்ளைகளில் 15ஆவது. பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஒன்பது வயதில் நாளொன்றுக்கு 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ, பருத்தி பறித்ததாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. பள்ளி 5 மைல் தொலைவு. போக வர 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை படிக்கப் போவதென்றால், வயலில் அத்தனை பருத்தியும் குறையும்.

இதன் பின்னணியை ஒரு விகிதம் காட்டுகிறது. 1880இல் அமெரிக்காவில் 14 வயதுக்கு மேற்பட்ட வெள்ளையர் அல்லாதோரில் எழுத்தறிவற்றோர் 70 சதவீதம், வெள்ளையரில் 9.4 சதவீதம். 1900இல் இவை 44.5, 6.2 சதவீதமாகக் குறைந்தன. பள்ளி திறந்த காலத்திலும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏழு என்ற வேறுபாடு நீடித்தது.

பள்ளியில் பிள்ளைகள் சேர்ந்த வேகத்துக்குப் பணம் ஈடுகொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுக்குள் 5 பேர் 250 பேரானார்கள்: 50 மடங்கு. இடம் போதாததால், குப்பைமேடாகக் கிடந்த ஒரு நிலத்தை அவர் விலை பேசினார். அவரே எழுதியபடி விலை 250 டாலர். முன்பணம் 5 டாலர், அதாவது 2 சதவீதம். மீதி 245 டாலரை இரண்டு ஆண்டுக்குள் அடைக்க வேண்டும்; சராசரி மாதம் 10.21 டாலர், கிட்டத்தட்ட இன்னொரு வாடகை. அந்த 5 டாலரும் அப்போது அவரிடம் இல்லை. கட்டடத் தொழிலாளர்களிடம் ஐஸ்கிரீமும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பண்டமும் விற்றுச் சேர்த்த சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டுபோய்க் கொடுத்தார்.

1911இல் தொடங்கிய மருத்துவமனையில் படுக்கைகள் 2. சில ஆண்டுகளில் 20, பத்து மடங்கு. வெள்ளையருக்கான மருத்துவமனையில் தம் மாணவி ஒருத்தியைப் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்ததைக் கண்ட பிறகே இதைத் தொடங்கியதாக அவர் எழுதினார். இங்கே அடிப்படை எண் 2 அல்ல, 0. அந்த மாணவிக்கு உள்ளே கிடைத்த படுக்கைகளின் எண்ணிக்கை அது.

1923இல் பள்ளி, 1872இல் மெதடிஸ்டுகள் ஜாக்சன்வில்லில் நிறுவிய குக்மன் கல்வி நிலையத்துடன் இணைந்தது. 19 ஆண்டு தனியாளின் முயற்சியில் நின்ற நிறுவனத்துக்கு ஒரு திருச்சபையின் துணை கிடைத்தது. பெத்யூன்-குக்மன் கல்லூரி 1941இல் நான்காண்டுக் கல்லூரியானது. தொடக்கத்திலிருந்து 37 ஆண்டு.

துணை நின்ற திருச்சபையிடமும் அவர் கணக்குக் கேட்டார். மூன்று மெதடிஸ்ட் பிரிவுகளை ஒன்றாக்கும் திட்டம் 1936 பொது மாநாட்டுக்கு வந்தது. அதன்படி 5 மண்டலங்கள் நிலப்பரப்பால் அமையும். ஆறாவது, கறுப்பினத்தவர் சபைகளுக்கெனத் தனியே, நிறத்தால். பெத்யூன் எதிர்த்துப் பேசினார். கறுப்பினப் பிரதிநிதிகள் 47 பேரில் 36 பேர், அதாவது 76.6 சதவீதம், எதிர்த்து வாக்களித்தனர். திட்டம் நிறைவேறியது. 1939இல் உருவான அந்த மண்டலம் 1968இல்தான் கலைந்தது: 29 ஆண்டு. அவர் இறந்து 13 ஆண்டு ஆகியிருந்தது.

அரசுப் பணியில் தொகைகள் பெரிதாயின; தலைக்கு வந்தது சிறிதே. தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பினத்தவர் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றிருந்த காலத்தில், 1936 முதல் 1943 வரை, உயர்கல்விக்கான தனி நிதியிலிருந்து ஏறத்தாழ 4,100 மாணவர்களுக்குச் சுமார் 6,10,000 டாலர் வழங்கப்பட்டது. சராசரி, ஆளுக்கு 150 டாலருக்குச் சற்றுக் குறைவு. 1904இன் கையிருப்பைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு, ஒவ்வொருவருக்கும்.

1943இல், அவர் நிறுவிய நீக்ரோ மகளிர் தேசியக் கவுன்சிலுக்கு வாஷிங்டனில் வாங்கிய வீட்டின் விலை 15,500 டாலர். ஒரே கொடையாளர் தந்தது 10,000 டாலர், 64.5 சதவீதம். மீதி 35.5 சதவீதம், 5,500 டாலர். நிலத்தின் முன்பணமான 5 டாலருக்குப் பண்டம் விற்றவர், பள்ளி தொடங்கி 39 ஆண்டு கழித்தும் பாக்கிக்கு ஆள் தேடவேண்டியிருந்தது.

பெத்யூன் 1955 மே 18 அன்று இறந்தார். வயது 79 ஆண்டு, 10 மாதம், 8 நாள். அதில் 50 ஆண்டு 7 மாதம், ஏறத்தாழ 63 சதவீதம், பள்ளி திறந்த பிறகு வாழ்ந்த காலம்.

1952இல் எழுத்தறிவற்றோர் வெள்ளையர் அல்லாதோரில் 10.2 சதவீதம், வெள்ளையரில் 1.8 சதவீதம். 1880இல் 60.6 சதவீதப் புள்ளியாக இருந்த இடைவெளி 8.4 ஆனது. இது ஒருவர் சாதனை அல்ல. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இறக்கியது. ஆனால் விகிதமாகப் பார்த்தால் 7.4 மடங்கு 5.7 மடங்காக மட்டுமே குறைந்தது. இடைவெளியில் 86 சதவீதம் அடைபட்டது. விகிதத்தில் சுமார் 24 சதவீதமே. இரண்டு எண்களும் சரி. முதல் எண் அவர் தலைமுறை கட்டிய தொகை. இரண்டாவது, அவர்களுக்கு நாடு வைத்திருந்த பாக்கி.