தாத்தாவின் துப்பாக்கிக்கு வயது என்ன?

துப்பாக்கி என்பது துருக்கிச் சொல் வழியாக நம்மிடம் வந்தது. மலையாளத்துத் ‘தோக்கு’ம் அதன் உறவுதான். சமணனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சாலைக் கடைவீதியில் பழைய பித்தளை, வெண்கலம் வாங்கி விற்றுப் பழகியவன் நான். பாத்திரத்தின் அடியில் முத்திரை தேடிய கண், துப்பாக்கியின் அடியிலும் தேடியது. அவ்வளவுதான். ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை.

1956-இல் மாநிலம் பிரியும் வரை நாஞ்சில் நாடும் இந்த ஊரும் ஒரே ஆட்சியில் இருந்தவை. வயலும் தோட்டமும் வைத்திருந்த நம் முன்னோர் சிலர் காட்டுப்பன்றிக்கு அஞ்சி இரட்டைக்குழல் வாங்கினார்கள். பேரன்மார் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி: வயசு என்ன, விலை என்ன? சுடலாமா, வீட்டில் வைத்திருக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் வயது தெரிய வேண்டியதே அதற்காகத்தான்.

குழலின் மேல் பொறித்த பெயரை நம்பக் கூடாது. அது பல சமயம் விற்ற கடையின் பெயர். சில சமயம் ஆளை ஏமாற்றும் பெயர். தெரிந்த குடும்பம் ஒன்று ‘ரிச்சர்ட்ஸ்’ என்று இருந்ததைப் பார்த்து, 1812-இல் தொடங்கிய பர்மிங்ஹாம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று லட்சக்கணக்கில் கனவு கண்டது. உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரர் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள், மேலே மகுடம். பெல்ஜியத்து லியேஜ் நகரின் சோதனை முத்திரை அது. மகுடம் சேர்ந்தது 1893-இல். ஆகவே துப்பாக்கி அதற்கு முந்தியதல்ல. மலிவு விலைக்குப் பெயரைச் சாயலாக வைத்து அங்கிருந்து ஏராளமாக வந்தன.

ஆங்கிலேயத் துப்பாக்கியானால் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரை இருக்கும். வைரக் கட்டத்துக்குள் 12, கீழே ‘சி’ என்றிருந்தால் 1887-க்குப் பின். பர்மிங்ஹாமில் மகுடத்தின் கீழ் ‘என்.பி.’ என்பது 1904-இல் வந்தது. புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். தோட்டா அறையின் நீளமும் பொறித்திருந்தால் 1925-க்குப் பின். சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அழுத்தம் போட்டிருந்தால் 1954-க்குப் பின். ஆனால் இவையெல்லாம் சோதித்த காலம். பழைய துப்பாக்கியை மறுசோதனைக்கு அனுப்பிப் புது முத்திரை வாங்கியதும் உண்டு. பர்டி, வெஸ்ட்லி போன்ற பெரிய கம்பெனிகளானால் வரிசை எண்ணை எழுதிக் கேட்டால் பழைய பேரேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். வியாபாரிக்குப் பேரேட்டைவிடப் பெரிய சாட்சி ஏது?

குழலில் பாம்புத்தோல் மாதிரி வரிகள் தெரிகிறதா? டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டைகளைச் சுற்றி அடித்து ஒட்டவைத்தது. பார்க்க அழகு. பெரும்பாலும் கருமருந்துக்காகச் செய்தது. ஒட்டுகளுக்குள் துரு புகுந்திருந்தால் வெளியே தெரியாது. இன்னொரு ஆபத்து தோட்டாவின் நீளம். பழைய அறைகள் பல 65 மி.மீ.; இன்று பரவலாகக் கிடைப்பது 70. தோட்டா உள்ளே போகிறதே என்று நினைக்க வேண்டாம். அந்த நீளம் வெடித்து வாய் விரிந்த பின் உள்ள அளவு. விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் அடைத்துக்கொள்ள, அழுத்தம் எகிறிவிடும். கேரளத்தில் 2022-இல் பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கிடைத்தபின், பரணில் கிடந்ததைத் துடைத்து எடுக்கும் ஆசை சிலருக்கு வந்திருக்கிறது. குழலின் உள்விட்டத்தையும் சுவர்க் கனத்தையும் அளக்காமல் கூடவே கூடாது.

விலைக்கு வருவோம். வயது ஏறினால் விலை ஏறும் என்பது பாத்திரத்துக்கே முழுக்கப் பொருந்தாது. பெயர் பெற்ற கம்பெனி, குழலில் குழி விழாமை, மரக்கட்டை வெடிக்காமை, அசல் செதுக்கு வேலை அழியாமை, இவைதாம் விலை. பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் பாதி விலை போச்சு. வாங்குகிறவருக்கும் லைசன்ஸ் வேண்டும் என்பதால் சந்தை குறுகியது. நூறு ஆண்டு தாண்டியதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாமாக வெளிநாட்டுக்கு விற்கவும் முடியாது.

“நூறு வருஷம் ஆச்சு, லைசன்ஸ் வேண்டாம்” என்று பலர் சொல்றாங்க. தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டும். அப்பா காலமானபின் அவருடைய துப்பாக்கியை உரிமமின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2016 விதிகளின்படி, உரிமதாரருக்கு எழுபது வயதானாலோ, இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பெயருக்கு உரிமம் கேட்கலாம். மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு.