எஞ்சினை நிறுத்துப் பார்க்கும் கட்டிடம்

பம்ப்செட்டைப் பிரித்துப் பழுது பார்த்த மெக்கானிக் உடனே ஓட்டிப் பார்க்கிறார். சரியில்லையென்றால் மறுபடி பிரிக்கிறார். விமான எஞ்சினுக்கு இந்தச் சலுகை கிடையாது. வானில் நின்றுவிட்டால் ஓரமாக நிறுத்திப் பிரிக்க முடியாதல்லவா? எனவே பழுது பார்த்த எஞ்சினைத் தரையிலேயே, விமானத்தில் பொருத்துமுன், ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே கட்டிய கட்டிடங்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் வாரிங்டன் நகருக்கு அருகே பர்டன்வுட் என்ற விமானத்தளம் இருந்தது. 1942-இல் அது அமெரிக்கர் வசம் வந்தது. தேய்ந்த எஞ்சின்களை அட்லாண்டிக் கடல் தாண்டித் திருப்பி அனுப்பினால் காலமும் கப்பலும் வீண். ஆகவே இங்கேயே பிரித்துச் செப்பனிட்டுச் சோதித்தார்கள். (அதன் ஓடுபாதை இருந்த இடத்தில் இன்று எம்-62 நெடுஞ்சாலை செல்கிறது.)

பி-24 குண்டுவீச்சு விமானத்தில் இருந்த பிராட் அண்டு விட்னி ஆர்-1830 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 14 சிலிண்டர்கள், 1200 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 895 கிலோவாட். இந்தத் திறனை எப்படி அளப்பது? கல்லூரி ஆய்வகத்தில் மோட்டார் உருளையில் பெல்ட்டைச் சுற்றி, சுருள்வில் தராசைப் பார்ப்போம். மாணவர்கள் உருளையில் தண்ணீர் விட மறந்தால் புகை வரும்! 895 கிலோவாட்டுக்கு அந்தப் பெல்ட் எம்மாத்திரம்? இங்கே சுமையாக அமைவது காற்றே. எஞ்சினின் முனையில் குட்டையான, அகன்ற அலகுகள் கொண்ட சோதனை விசிறியை மாட்டுகிறார்கள். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது விழுங்கும் திறன் எட்டு மடங்காகும். அதே விசிறி சிலிண்டர்களைக் குளிரவும் வைக்கும்.

இனி நியூட்டனின் மூன்றாம் விதி. விசிறியை எஞ்சின் ஒருபுறம் முறுக்கினால், எஞ்சினின் உடலை அது எதிர்ப்புறம் முறுக்கும். எஞ்சினைச் சற்றே அசையக்கூடிய தொட்டிலில் ஏற்றி, அதன் கையைத் தராசில் அழுத்தவிட்டால் முறுக்குவிசை கிடைத்துவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றுச் சுழலும்போது, பற்சக்கரங்களின் வழியே விசிறி அதில் 16-இல் 9 பங்கு வேகத்தில்தான் சுழலும். சுமார் 1519 சுற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் நீளக் கையின் முனையில் ஏறத்தாழ 570 கிலோ எடையின் அழுத்தம்!

கட்டிடத்துக்கு இதில் என்ன வேலை? 40 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் எரிதலும் குறையும், திறனும் குறையும். வெளியேறிய சூடான காற்று சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே புகுந்தால், நல்ல எஞ்சினும் சோனியாகத் தெரியும். அதனால்தான் காற்று ஒரு பக்கத்துக் கோபுரம் வழியே நுழைந்து மறுபக்கத்துக் கோபுரம் வழியே மேலெழும்படி இத்தகைய கூடங்களை அமைப்பார்கள். தடித்த சுவர்களும் கோபுரத்துக்குள் வைத்த தடுப்புகளும் இரைச்சலை அடக்கும். சோதிப்பவர் பக்கத்து அறையில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முட்களைக் கவனிப்பார். அன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்துத் திருத்தம் செய்யாமல் எந்த அளவீட்டையும் அவர் ஏற்பதில்லை.

முட்கள் எல்லாம் சரியாக நின்றாலும் வேலை முடியவில்லை. எஞ்சினை நிறுத்தியபின் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதில் உலோகத் துகள் மினுங்கினால், உள்ளே ஏதோ ஒன்று தேய்கிறது என்று பொருள். உடனே எஞ்சின் பட்டறைக்குத் திரும்பும். பி-24-இல் வழக்கமாகப் பத்துப் பேர் பறந்தார்கள்.