தாயைத் தொடும் முன்...

பிரசவ அறையில் செவிலியர் எடுக்கும் முக்கிய முடிவுகள் பலவும் இரண்டு விரல்களின் நுனியிலிருந்து பிறக்கின்றன. கருப்பைவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, அதன் விளிம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அவர் தொட்டே அறிகிறார். பிரசவத்தின் தீவிர நிலை 5 செ.மீ. திறப்பிலிருந்து தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வரையறுத்தது. மூன்றை ஐந்து என்று எழுதிவிட்டால், இயல்பாக நகரும் பிரசவம்கூடத் தாமதமாகத் தோன்றும்; தேவையற்ற மருந்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ அது இட்டுச் செல்லக்கூடும்.

இந்தத் திறனைக் கற்பிப்பதில்தான் சிக்கல். ரத்த அழுத்தம் பார்ப்பதை ஆசிரியர் அருகில் நின்று திருத்தலாம். உள்பரிசோதனையில் மாணவியின் விரல் உணர்ந்தது மாணவிக்கு மட்டுமே தெரியும். சரிபார்க்க ஆசிரியரும் பரிசோதிக்க வேண்டும். அடுத்த மாணவியும் காத்திருப்பார். வலியில் துடிக்கும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் வேதனை. பரிசோதனைகள் கூடக்கூடத் தொற்று அபாயமும் கூடுகிறது. வழக்கமான கண்காணிப்புக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும் என்பதே அந்நிறுவனத்தின் பரிந்துரை. அப்படியிருக்க, ஒரு வகுப்பே ஒரு தாயிடம் எப்படிப் பயில முடியும்? அந்தத் தாய் பெரும்பாலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெற வந்த ஏழைப் பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கான விடை புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏஞ்செலிக் து கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் ஆன பிரசவப் பொம்மையை உருவாக்கினார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று கிராமப் பெண்களுக்கு அதைக் கொண்டே பயிற்சி அளித்தார். ரூவான் நகர அருங்காட்சியகத்தில் அத்தகைய பொம்மை ஒன்றை இன்றும் காணலாம்.

இன்றைய மாதிரிகளில் 2 செ.மீ., 5 செ.மீ., 8 செ.மீ. எனத் திறப்பின் அளவுகள் துல்லியமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. மாணவி மூடிய துணிக்கு அடியில் கைவிட்டுக் கணித்ததை எழுதுகிறார். பிறகு துணியை விலக்கி விடையைப் பார்க்கிறார். உயிருள்ள தாயிடம் இந்தச் சரிபார்ப்புக்கு வழியே இல்லை. பொம்மையிடம் நூறு முறை தவறினாலும் யாருக்கும் நோகாது. விலை உயர்ந்த கருவிதான் வேண்டுமென்பதும் இல்லை. வெவ்வேறு அளவில் வட்டங்கள் வெட்டிய பலகையிலும் விரல் பழகும்.

ஆயினும் பொம்மை முனகுவதில்லை. வலி வரும்போது அதன் தசை இறுகுவதில்லை. 'வேண்டாம்' என்று அது சொல்வதுமில்லை. எனவேதான் ஒருவர் தாயாக நடிக்க, அவர் இடுப்பில் மாதிரியைக் கட்டிவிட்டுப் பயிற்சி தரும் முறை வந்திருக்கிறது. அனுமதி கேட்பது, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வது, வலி எழுந்தால் கையை நிறுத்துவது எல்லாம் அங்கே பாடமாகின்றன. மதிப்பெண்ணும் இவற்றுக்குச் சேர்த்தே தரப்பட வேண்டும்.

செவிலியர் கல்லூரிகளில் பொம்மைகள் இல்லாமல் இல்லை. அவை அலமாரியில் பூட்டிக் கிடக்கலாகாது. மாதிரியில் தொடர்ந்து சரியாகக் கணித்துக் காட்டிய பிறகே, தாயின் சம்மதத்துடன், ஆசிரியரின் மேற்பார்வையில் முதல் உள்பரிசோதனைக்கு மாணவியை அனுமதிப்பது என்ற விதியைக் கல்லூரிகள் தாமே வகுத்துக்கொள்ளலாம். அதற்கு அரசாணை வேண்டியதில்லை.