பைக்குள் அடங்கும் துவக்கு

சென்ற வாரம் சேனைக் காவலுக்கு வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துவக்கைப் பார்த்தோம். அதற்கு நேரெதிரானது காற்சட்டைப் பைக்குள் மறைந்துவிடும் சிறிய ரிவோல்வர். எந்த ரிவோல்வர் நல்லது என்று கேட்பவருக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதம் சிறுக்கச் சிறுக்கச் சுமப்பது எளிதாகிறது, சுடுவது கடினமாகிறது. அந்தப் பேரத்தில் வாங்குகிறவருக்கு இழப்பே மிகுதி. மாத்தளையின் லக்கல போன்ற ஓர் ஊரில் வாழ்கிறவருக்கோ அது அனேகமாக முழு நட்டம்.

இந்த வகைக்கு முன்மாதிரி, அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் கம்பனி 1950இல் வெளியிட்ட சீஃப்ஸ் ஸ்பெஷல். ஐந்து ரவை கொள்ளும் சுழல் உருளை, இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த குழல், .38 அளவுச் சன்னம். பிறகு வந்த அலுமினியக் கலப்பு உடல்கொண்ட வகைகள் ஏறத்தாழ 425 கிராம்தான். ஆனால் சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடுவதென்றால், விரல் கொடுக்கவேண்டிய அழுத்தம் ஐந்து கிலோவைத் தாண்டும். தன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேலான இழுப்பைத் தாங்கிக்கொண்டு அந்தத் துவக்கு அசையாமல் நிற்க வேண்டும். நிற்பதில்லை. குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்பள்ளத்துக்கும் இடையில் இருப்பது பத்து சென்ரிமீற்றர் அளவு தூரம். அதில் முன்முனை ஒரு மில்லிமீற்றர் விலகினால், பத்து மீற்றருக்கு அப்பால் சன்னம் பத்து சென்ரிமீற்றர் விலகும். எழுபது சென்ரிமீற்றர் நீளக் குழலில் அதே பிசகு ஒன்றரை சென்ரிமீற்றர்கூட வராது. உடல் இலேசானதால் பின்னுதைப்பு முழுவதும் உள்ளங்கையில் இறங்குகிறது. அதனாலேயே வாங்கியவர்களில் பலர் பயிற்சியைச் சீக்கிரம் கைவிடுகிறார்கள். மிக அதிகப் பயிற்சி கேட்கும் ஆயுதம், மிகக் குறைவாகப் பயிற்சி எடுக்கப்படும் ஆயுதமாக ஆகிவிடுகிறது.

பயிற்சி பெற்றவர்களின் நிலைமையே நம்மை யோசிக்க வைக்கிறது. நியூயோர்க் பொலிஸாரின் சூடுகளை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. எதிராளியும் திருப்பிச் சுட்ட சம்பவங்களில், 1998 முதல் 2006 வரை, பொலிஸாரின் ரவைகளில் இலக்கைத் தொட்டவை 18 வீதம். இவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் பைக்குள் ஒளிக்கும் குட்டி ஆயுதங்களல்ல, இடுப்பில் தொங்கும் பிஸ்டல்கள். சோல்ட் லேக் நகரப் பொலிஸ் பயிற்சியாளர் டெனிஸ் ட்யூலர் 1983இல் இன்னொன்றைக் கணக்கிட்டுக் காட்டினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் ஏழு யார் தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை செக்கனில் கடந்துவிடுவார். உறையிலிருந்து உருவிச் சுடப் பழகிய பொலிஸ்காரருக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். காற்சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவுகிறவருக்கு அது போதாது.

ஆனாலும் ரிவோல்வருக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிஸ்டலில் நடப்பதுபோல இதில் ரவை சிக்கி நின்றுவிடுவது அரிது. மாதக்கணக்கில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும். ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். ஆகவே உரிமமும் உண்மையான உயிர் அச்சுறுத்தலும் உள்ள ஒருவர் பையில்தான் வைக்கவேண்டுமென்றால், சுத்தியல் உள்ளே மறைந்த வகையைத் தெரிவு செய்யட்டும், வெளியே நீட்டிய சுத்தியல் துணியில் மாட்டும். இலேசான உடலைவிட உருக்கு உடல் மேல், உதை குறையும். விசையை மூடும் உறையில்லாமல் பையில் போடவே கூடாது. அந்தப் பைக்குள் திறப்போ சில்லறையோ வேறெதுவுமோ இருக்கக் கூடாது.

இனி லக்கலவுக்கு வருவோம். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் வஸ்கமுவ வனம். இங்குள்ள கமக்காரர் இரவில் அஞ்சுவது யானைக்கும் காட்டுப்பன்றிக்கும். பத்துக் கிராம் சன்னத்தைக் கட்டைக் குழலால் யானையை நோக்கிச் சுடுவது அதற்குச் சினமூட்டும் வேலை. அங்கே உதவுவது யானை வெடியும் வேலியும் காவற்பரணும். மாத்தளை மண்ணில் துவக்கு எப்போதும் ஊரறிய வைத்திருந்த பயிர்க்காவல் கருவி. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துவக்குக்கு வரி விதித்தபோது எழுந்த கோபமும் அந்த ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு ஒரு காரணம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பயிர்க்காவல் துவக்குக்கான உரிமத்தை மாவட்டச் செயலாளர் வழங்குகிறார், தற்காப்பு ஆயுதத்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். இரண்டையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவினை சரியானது என்பதே என் கருத்து. பரணில் நிற்கும் நீண்ட துவக்கை ஊர் பார்க்கிறது, யாரிடம் இருக்கிறது என்று தெரியும், பார்வையே எச்சரிக்கையாகிறது. பைக்குள் இருப்பது யாரையும் எச்சரிப்பதில்லை. அதன் இருப்பு முதலில் தெரியவருவது வாக்குவாதம் முற்றிய பிறகுதான்.

கொள்ளைக்காரனிடம் துவக்கு இருக்கும்போது நேர்மையானவன் வெறுங்கையோடு நிற்பதா என்று கேட்பார்கள். நாட்டில் நடக்கும் சூடுகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் மோட்டார் சைக்கிளில் வந்து ரி-56 துவக்கால் சுடுகிறவன் முதல் செக்கனைத் தானே எடுத்துக்கொள்கிறான். திடீர்த் தாக்குதலில் பைக்குள் கிடக்கும் ஐந்து ரவை வெளியே வருமுன் எல்லாம் முடிந்துவிடும். பணத்துக்காக வருகிறவனுக்கோ அது கூடுதல் கொள்ளைப்பொருள். 2024 இறுதியில், முன்பு தற்காப்புக்காக வழங்கிய ஆயுதங்களை வெலிசறை கடற்படை ஆயுதக் களஞ்சியத்தில் ஒப்படைக்கும்படியும், மீளாய்வுக்குப் பின் தகுதியுள்ளவர்களுக்குத் திருப்பித் தருவதாகவும் பாதுகாப்பு அமைச்சு சொன்னபோது பலர் முறுமுறுத்தார்கள். அச்சுறுத்தல் இன்னும் இருக்கிறதா என்று கேட்பதற்கு அரசுக்கு உரிமை உண்டு. பத்து வருடம் முன்பு இருந்த பயத்துக்கு இன்றும் ஆயுதம் வைத்திருப்பது யாரையும் காக்காது.

பெண்களுக்காவது இது வேண்டாமா என்பது இன்னும் கனமான கேள்வி. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, இந்திய அரசின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் நிர்பீக் என்ற .32 ரிவோல்வரைப் பெண்களுக்கென்று அறிமுகம் செய்தது. எடை சுமார் அரைக்கிலோ, விலை ஒரு இலட்சத்து இருபதினாயிரம் இந்திய ரூபாயைத் தாண்டியது. பேருந்துக்குக் காத்து நிற்கும் கூலித்தொழிலாளப் பெண் அதை எந்தக் காலத்தில் வாங்குவாள்? வாங்கினாலும் உரிமம் வேண்டும், சுட்டுப் பழக ரவைக்குக் காசு வேண்டும். பெண்கள்மீதான வன்முறையில் பெரும்பகுதி தெரிந்தவர்களால், வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அந்த வீட்டுக்குள் ஒரு ரிவோல்வர் வந்தால் அது யார் கைக்குப் போகும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. லக்கலவின் ஒரு பெண்ணுக்கு வேண்டியது இருட்டுமுன் வந்துசேரும் பஸ், தெருவிளக்கு, முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் பொலிஸ். இவற்றைக் கேட்டுப் போராடுவது நாள் பிடிக்கும் வேலை. ஆனால் அந்த நாட்களை ரிவோல்வர் வாங்கிக் குறைத்துவிட முடியாது.