அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? ‘ஃபார்மேட்’டுக்கு அவசரம் வேண்டாம்!

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நீலத்திரை, நடுவில் சுழலும் புள்ளிகள், கீழே ‘35 சதவிகிதம்’. காபி ஆறிப்போகிறது, அந்த 35 மட்டும் நகரவே இல்லை. அப்பா ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகிறார். ‘அணைக்காதீங்க’ என்று மகள் கத்துகிறாள். விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கும் பல வீடுகளில் என்றாவது ஒரு நாள் நடக்கும் காட்சி இது. பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் நடக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் 2003-ல் இருந்தே வழக்கமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அது காலை நேரம், இங்கே இரவாகிவிடும். அதனால் நம் ஊர் கம்ப்யூட்டர்களுக்குப் புதன், வியாழன்தான் கண்டம்.

அப்டேட் தோற்றுப்போனதால் மட்டுமே போட்டோக்களும் ஃபைல்களும் அழிவது அபூர்வம். அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்யும் காரியங்களில்தான் பல வீடுகளில் எல்லாம் போகிறது.

35 சதவிகிதத்தில் என்ன நடக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்கு டயர் மாற்ற முடியாது. விண்டோஸும் அப்படித்தான். அது இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் முக்கிய ஃபைல்கள் பயன்பாட்டில் இருக்கும். அவற்றை மாற்ற முடியாது. எனவே, அப்டேட்டை முதலில் டவுன்லோடு செய்து ஓரமாக வைத்துக்கொண்டு, ரீஸ்டார்ட் ஆகும் இடைவெளியில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. திரையில் தெரியும் சதவிகிதம் கடிகாரம்போல ஓடாது. ஒரே எண்ணில் 20 நிமிடங்கள் நிற்கும். பிறகு ஒரே தாவில் 70-க்குப் போகும். எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரில் சில நிமிடங்களில் முடிகிற வேலை, பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒன்றிரண்டு மணி நேரம்கூட இழுக்கலாம்.

நின்றுவிட்டதா, வேலை நடக்கிறதா என்று அறிய, சி.பி.யு. பெட்டியில் இருக்கும் சின்ன விளக்கைப் பார்க்கலாம். அது விட்டுவிட்டு மின்னினால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். சில மணி நேரமாக எண்ணும் நகரவில்லை, விளக்கும் மின்னவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைக்கலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. திரையில் விண்டோஸ் வாசகம் இல்லாமல், லேப்டாப் கம்பெனியின் லோகோவும் அதன் கீழே ஒரு கோடும் மட்டும் ஓடினால், அது பெரும்பாலும் மதர்போர்டுக்கான பயாஸ் அப்டேட். அதை நடுவில் நிறுத்தினால் மதர்போர்டே போய்விடக்கூடும். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பும், சார்ஜ் நிற்காத பழைய பேட்டரி லேப்டாப்பும் வைத்திருப்பவர்கள், கரன்ட் அடிக்கடி போகும் நேரத்தில் அப்டேட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

சிலருக்கு நூறு சதவிகிதம் வரை போய், ‘அப்டேட்டை முடிக்க முடியவில்லை, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் வரும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். உண்மையில் அது நல்ல செய்தி. புதிய ஃபைல்கள் சரியாக உட்காரவில்லை. அதனால் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்க விண்டோஸ் முயல்கிறது. அந்த நேரத்தில் அணைப்பதுதான் ஆபத்து.

இடம் இல்லை, தேதி சரியில்லை

கம்ப்யூட்டர் திரும்ப வந்ததும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, அதில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ பார்க்க வேண்டும். தோற்றுப்போன அப்டேட்டின் பெயரில் ‘கேபி’ என்று தொடங்கும் எண் இருக்கும். பக்கத்தில் ஒரு பிழை எண்ணும் இருக்கும். அதை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் கை கொடுக்கும். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் தகராறு. 80073712 என்றால் விண்டோஸின் சொந்த ஃபைல்களே கெட்டுப்போயிருக்கின்றன.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அடிக்கடி பார்ப்பது இடப் பிரச்னைதான். சி டிரைவில் 3 ஜி.பி.தான் மிச்சம் இருக்கும். டி டிரைவில் 400 ஜி.பி. சும்மா கிடக்கும். அப்டேட்டுக்குச் சி டிரைவில்தான் இடம் வேண்டும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டுக்கு அங்கே 20 ஜி.பி. காலியாக இருந்தால் நிம்மதி. கல்யாண வீடியோவும், டெஸ்க்டாப்பில் குவிந்திருக்கும் ஃபோல்டர்களும் டி டிரைவுக்குப் போகட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்று போனால் குப்பையை விண்டோஸே பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். அது குப்பை அல்ல. டவுன்லோடு செய்து வைத்த ஆதார் நகல், ஹால் டிக்கெட், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கும் இடம். இதைக் குப்பைப் பட்டியலில் சேர்த்த புண்ணியவான் யாரோ! அந்தக் கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய டெஸ்க்டாப்களில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கம்ப்யூட்டர் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் நாணயம் அளவு பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கம்ப்யூட்டர் நம்பாது. அப்டேட் தொடங்கவே தொடங்காது. சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பெரிய சர்வீஸ் எதுவும் தேவையில்லை.

பெரிய அப்டேட்டுக்கு முன் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது நல்லது. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட் வந்தபோது, இவை செருகியிருந்த கம்ப்யூட்டர்களில் டிரைவ் எழுத்துகள் மாறிப்போகலாம் என்று மைக்ரோசாஃப்டே அப்டேட்டைத் தடுத்து வைத்தது.

தவறு நம் பக்கம் இல்லாதபோது

எல்லாம் சரியாக இருந்தும் தோற்பது உண்டு. 2024 ஜனவரி 9-ம் தேதி வந்த கேபி5034441 அப்படிப்பட்டது. உலகம் முழுக்க ஏராளமான விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் அது 80070643 என்று முடியும் பிழையைக் காட்டிவிட்டு நின்றது. மறுநாள் மறுபடி முயன்றது, மறுபடி நின்றது. அந்த அப்டேட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலி இடம் தேவைப்பட்டது. பல கம்ப்யூட்டர்களில் அந்தப் பகுதியே சின்னது. சி டிரைவில் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை. தானாகச் சரியாகும் வழி வராது, கையால்தான் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கைவிரித்தது. வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய வேலையா அது? ரெகவரி பார்ட்டிஷனே இல்லாதவர்களுக்கும் அதே பிழை வந்ததுதான் கொடுமை. அவர்களுக்கு அந்த அப்டேட்டே தேவையில்லை. ஆனாலும் அதை நம்பிக் கம்ப்யூட்டரையே ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு.

அதனால், கேபி எண்ணை கூகுளில் தேடிப் பார்ப்பதுதான் முதல் வேலை. மைக்ரோசாஃப்டின் ‘விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த்’ பக்கத்தில், தெரிந்த கோளாறுகளை அவர்களே பட்டியலிடுகிறார்கள். அங்கே இருந்தால், அப்டேட்டை ஒரு வாரம் ‘பாஸ்’ செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க

ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட். இரண்டும் ஒன்றல்ல. ஷட் டவுன் செய்தால், அடுத்த முறை வேகமாக ஆன் ஆவதற்காக விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. அதிலேயே தீர்ந்துபோகும் பிரச்னைகள் நிறைய. தீரவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ட்ரபிள்ஷூட் வழியாக விண்டோஸ் அப்டேட் பரிசோதனையை ஓடவிடலாம்.

அதற்கும் மசியாவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்ட். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் தேடலில் அதை வரவழைத்து, ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டி ‘ஸ்கேன்நவ்’ என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால், கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை அதுவே தேடிச் சரிசெய்யும். கால் மணி நேரமாவது ஆகும்.

விண்டோஸ் 11 இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது; பலருக்கும் தெரியாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் ‘ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூஸிங் விண்டோஸ் அப்டேட்’ என்று ஒரு வரி. அருகில் ‘ரீஇன்ஸ்டால் நவ்’ பட்டன். விண்டோஸை மட்டும் மறுபடி இறக்கிப் பதிக்கும். போட்டோ, ஃபைல், சாஃப்ட்வேர் எல்லாம் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே ‘ரீசெட்’ என்று வருவது வேறு. அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ கொடுத்தாலும், நாமாகப் போட்டுக்கொண்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். கணக்குக்கு வைத்திருக்கும் டேலியோ, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோ மறுபடி போட வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டர் உள்ளேயே போக மாட்டேன் என்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அது தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் அதில் கழற்றிவிடலாம்.

அந்த 48 இலக்கங்கள்

ரிப்பேர் திரைக்குப் போகும்போதோ, சில அப்டேட்களுக்குப் பிறகோ, ‘பிட்லாக்கர் ரெகவரி கீ’ கேட்டு ஒரு நீலத்திரை வரலாம். லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதைப் பிறர் படிக்காதபடி போடப்பட்ட பூட்டு அது. புதிதாக வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்தாலே இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாக விழுந்துவிடுகிறது. சாவி 48 இலக்க எண். அது இல்லாவிட்டால் கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. உள்ளே இருக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை யாராலும் மீட்க முடியாது.

சாவி இருக்கும் இடம் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு. மொபைலில் அதே மெயில் ஐ.டி.யில் லாக்-இன் செய்து, ‘டிவைசஸ்’ பகுதியில் பார்த்தால் கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், பல வீடுகளில் லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையனே ஏதோ ஒரு மெயில் ஐ.டி. போட்டுத் திறந்து கொடுத்திருப்பார். அது யாருடையது, பாஸ்வேர்டு என்ன என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ திறந்து, எந்த மெயில் ஐ.டி. என்று பார்த்துவிடலாம். அந்த 48 எண்களை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் வைத்துவிட வேண்டும். லேப்டாப் பையிலேயே வைத்தால் பூட்டு போட்டதற்கே அர்த்தமில்லை.

போலி அப்டேட்டும் உண்டு

இணையத்தில் உலாவும்போது திரை முழுக்க ‘அப்டேட் தோல்வி, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி எதையோ ஒட்டச் சொன்னால், அதுவும் அதே கூட்டம்தான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அப்டேட் வராமல் நின்றிருந்தால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெற, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸைத் தங்கள் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்...

வீட்டு வைத்தியம் பலிக்காவிட்டால் கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. கூட்டம் நிற்கும் கடையில், “ஓ.எஸ். போயிடுச்சு சார், ஃபார்மேட் அடிச்சிடலாம், சாயங்காலம் வாங்க” என்ற பதில்தான் சீக்கிரம் வரும். அவருக்கும் அதுதான் சுலபம். அரை நாளில் வேலை முடியும். “முதல்ல டேட்டாவை எடுத்துக் கொடுங்க தம்பி, அப்புறம் ஃபார்மேட்டைப் பத்திப் பேசலாம்” என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். விண்டோஸ் ஏறாவிட்டாலும் டிஸ்க் நன்றாக இருந்து, பூட்டுக்குச் சாவியும் கையில் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியோ, பென் டிரைவ் வழியாக ஆன் செய்தோ அவரால் ஃபைல்களை எடுக்க முடியும். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரை முழுசாக எடுக்கச் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் வழக்கமாக அதற்குள்தான் இருக்கும். எடுத்ததை வெளி ஹார்டு டிஸ்க்கில் வாங்கி, கடையிலேயே நான்கைந்து போட்டோக்களைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ஃபார்மேட்டுக்குத் தலையாட்டலாம்.