விளம்பரத் தொல்லை இல்லாமல் இணையத்தில் வாசிக்க...

எஸ்.பி.எம். கட்டுரைக்குக் கருத்துத் தேடும் மாணவர் இரண்டு பத்தி வாசிப்பதற்குள் விளம்பரம் திரையை மூடிவிடுகிறது. தானாக ஓடும் காணொலியால் டேட்டாவும் கரைகிறது. இப்படிச் செய்து பாருங்க:

1. கணினியில் எட்ஜ் உலாவியில் கட்டுரையைத் திறந்து எஃப்9 விசையைத் தட்டுங்கள். பல தளங்களில் கட்டுரை மட்டும் நிற்கும். ஐபோன் என்றால் சஃபாரியின் 'ரீடர்'.

2. நடுவில் பளிச்சிடும் 'பதிவிறக்கு' பொத்தானைத் தொடாதீங்க. பெரும்பாலும் அது விளம்பரம்தான்.

3. விளம்பரமே இல்லாத இடங்களை முதலில் பாருங்கள்: தமிழ் விக்கிப்பீடியா, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்.

ஆசிரியர்களே, பத்து காஜா தோட்டப்புறங்களில் வீட்டில் இணைய வசதி குறைந்த மாணவருக்கு, எஃப்9 தரும் பக்கத்தை அச்சிட்டுக் கொடுங்கள். கவனம் சிதறாமல் வாசிப்பார்கள்.