ரணகள்ளித் தொட்டியில் வளரும் வண்ணத்துப்பூச்சி

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலைக்குப் போனவர்கள் மிளகோ பலாவோ வாங்காமல் இறங்குவதில்லை. செம்மேட்டுப் பக்கம் செடியோரத்தில் படபடக்கும் சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து, ‘இதை வீட்டில் வளர்க்கலாமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. வளர்க்கலாம். அதற்குப் பூச்சியைப் பிடித்து டப்பாவில் அடைத்துக்கொண்டு இறங்கத் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே அதற்குப் பிடித்த செடியை வைத்தால் போதும்.

தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ரெட் பியெரோ. தென்னிந்தியாவில் மலையிலும் சமவெளியிலும் உள்ள பூச்சி. மேல்புறம் கறுப்பு, பின்னிறகில் ஆரஞ்சுத் திட்டு. இறகை மூடினால் வெள்ளையில் கரும்புள்ளிகள். தரையை ஒட்டி மெதுவாகப் பறக்கும். இது முட்டையிடுவது ரணகள்ளி இலையில். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று நம்மவர்கள் சொல்லும் அதே செடிதான். ஓர் இலையைக் கிள்ளி மண்ணில் போட்டாலே விளிம்பெல்லாம் குட்டிச் செடி முளைக்கும்.

முட்டையிலிருந்து வரும் புழு அந்தத் தடித்த இலையைத் துளைத்து உள்ளே போய்விடும். மேல்தோலையும் கீழ்தோலையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள சதையை மட்டும் தின்னும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெளுத்துப்போன திட்டும், அதற்குள் கறுப்பாக எச்சமும், நகரும் புழுவும் தெரியும். செடி அழுகிவிட்டது என்று நினைத்துப் பலர் இந்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போடுகிறார்கள்; பூச்சியும் சேர்ந்து போகிறது. ஓர் இலை தீர்ந்தால் அடுத்த இலைக்கு மாறும். முட்டை முதல் இறகு முளைப்பது வரை சுமார் ஒரு மாதம், குளிரில் கூடுதலாகும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நர்சரியில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும். அதைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் புது இலை விட்ட பிறகே பயன்படுத்தலாம். டப்பாவில் வளர்ப்பவர்கள் அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, எச்சத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்; ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பெரிய புழுவாகப் பார்த்து எடுப்பதைவிட முட்டையாக எடுப்பது மேல். வெளியில் வளர்ந்த புழுவுக்குள் ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே முட்டை வைத்திருக்கலாம். ‘புளூ’ எனப்படும் நீல வகை வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களை நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நீல வகைகளில் இன்னொரு வேடிக்கை, எறும்பு. பல இனங்களின் புழு முதுகில் இனிப்பு நீர் சுரக்கும். அதை நக்க வரும் எறும்பு எதிரிகளை விரட்டிக் காவலும் காக்கும். இங்கிலாந்தின் லார்ஜ் பிளூ பூச்சியின் புழு எறும்புப் புற்றுக்குள்ளேயே வளர்வது. அதை வளர்த்துப் பார்க்க கேப்டன் பியூர்ஃபாய் என்பவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் வால்நட் ஓட்டுக்குள் எறும்புகளோடு புழுவை வைத்தார். அத்தனை பாடுபட்டும் 1979இல் அந்தப் பூச்சி அங்கே அற்றுப்போனது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

வளர்ந்த பூச்சியைக் கூண்டில் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெயிலும் பறக்க இடமும் பூவும் இல்லாமல் இணை சேராது, இறகு கிழிந்து சாகும். இறகு காய்ந்ததும் வளர்ந்த இடத்திலேயே திறந்துவிடுவதே முறை. பெரிய கூடங்களில் நிலைமை வேறு. 2006இல் பெங்களூரு பன்னேர்கட்டாவிலும், 2015இல் திருச்சி ஸ்ரீரங்கம் மேலூரில் சுமார் 25 ஏக்கரிலும் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காக்களில் புழுவுக்குச் செடி, பூச்சிக்குத் தேன்பூ என இரண்டையும் சேர்த்தே நட்டு வளர்க்கிறார்கள். கொல்லிமலையிலிருந்து இறங்குகிறவர்கள் திருச்சி வழியாகப் போனால் ஓர் எட்டு பார்க்கலாம்.

எல்லாப் பூச்சிக்கும் தொட்டி சரிவராது. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழுவுக்கு நீரடிமுத்து போன்ற காட்டுமரம் வேண்டும். சட்டமும் உண்டு. ஈஸ்வரமூலியில் வளரும் கிரிம்சன் ரோஸ், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தது. 2022இல் அட்டவணைகளைத் திருத்தி அமைத்துவிட்டதால் எந்தப் பூச்சியையும் எடுக்குமுன் இன்றைய பட்டியலைப் பார்க்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுக்க அனுமதியில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, அவரைக் கொடி உள்ள வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. மருந்தடிப்பதை நிறுத்தினாலே புழு வந்து சேரும்.